கம்மல் போட்ட ஆடுகள்

பிப்ரவரி 3, 2025

கட்டுரை அச்சாகிவிட்டது. சுதீப் சார் துறை முழுக்க லட்டு கொடுத்தார். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி என்பதால் பாதிப் பெருமை அவருக்கும் உண்டு. இனி முனைவர் பட்டம் சும்மா வந்து விழும் என்றார். நானும் பெரிய அடக்கக்காரி மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன்.

அம்மாவுக்குப் போனில் விளக்கினேன். உண்ணிச்செடி தின்ற ஆட்டுக்குக் கல்லீரல் கெட்டுப்போகும், கண்ணும் ஈறும் மஞ்சளாகும், வெயிலில் நின்றால் மூக்குத் தோல் உரியும், பாதிக்கு மேல் செத்துவிடும். சூரியநெல்லித் தேயிலை எஸ்டேட் மேட்டில் அந்தச் செடிக்குப் பஞ்சமே இல்லை. என் மருந்தைக் குடித்த ஆடுகள் ஏறக்குறைய எல்லாமே பிழைத்தன. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா, சரி கண்ணு, சாப்பிட்டாயா என்றாள்.

ஆனால் என் கெட்டிக்காரத்தனம் மருந்தில் இல்லை, ஆடுகளைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது. சாதாரண ஆட்டை நம்பி ஆராய்ச்சி செய்ய முடியாது. பாதியில் வியாபாரி வந்து வாங்கி ஓட்டிக்கொண்டு போய்விடுவான். அதனால் போன வருஷம் சூரியநெல்லியில் நோய் கண்டவற்றில் அந்தோணியாருக்கு நேர்ந்துவிட்ட ஆடுகளாகப் பார்த்து எடுத்தேன். ஜூன் திருவிழாவுக்கு முன்னால் அவற்றை யாரும் விற்கவும் மாட்டார்கள், அறுக்கவும் மாட்டார்கள். அடையாளத்துக்குக் காதில் எண் போட்ட மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை மாட்டினேன். எஸ்டேட் வரிசை வீடுகளான லயங்களில் இருக்கும் பெண்கள் அதற்குக் கம்மல் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 9

கருத்தரங்குக்குப் படம் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தேன். கட்டுரையில் வந்த அதே படம்தான். இடது பக்கம் மருந்துக்கு முன்: உதட்டை விலக்கிய வாய், மஞ்சள் ஈறு. வலது பக்கம் இரண்டு மாதம் கழித்து: அதே எண், இளஞ்சிவப்பு ஈறு.

பெரிதாக்கினேன். இடது வாயில் தேய்ந்துபோன முழுப் பற்கள். வலது வாயில் பால்பற்கள்.

கிழட்டு ஆட்டுக்குப் பால்பல் எப்படி முளைக்கும்?

நான் பார்த்தேன், சார் பார்த்தார், கட்டுரையைச் சரிபார்த்தவர்கள் பார்த்தார்கள். எல்லாரும் ஈறின் நிறத்தைத்தான் பார்த்திருக்கிறோம். பல்லைப் பார்த்து வயது சொல்வது கால்நடை மருத்துவத்தில் முதல் வருஷப் பாடம். அச்சில் வேறு வந்து தொலைந்திருக்கிறது.

பிப்ரவரி 12

சூரியநெல்லி. அந்த ஆட்டுக்குச் சொந்தக்காரி இன்பமேரி கொழுந்து பறித்துவிட்டு வரும்வரை லயத்து வாசலில் காத்திருந்தேன். வழக்கம்போல முதலில் பால் விடாத கட்டன் சாயா கொடுத்தாள். பிறகுதான் கேட்டேன். அவள் ஒளிக்கவே இல்லை.

"அது நீங்க மருந்து குடுத்த மறு வாரமே செத்துப் போச்சு டாக்டரம்மா. நேர்ந்துவிட்டது செத்தா வேற விடணும்லா? அதான் ஒரு குட்டியக் கட்டுனோம்."

கம்மல்? அது நேர்ச்சை ஆட்டுக்கு உள்ளதுதானே, அதனால் கழற்றிக் குட்டிக்குப் போட்டோம் என்றாள். செத்த ஆட்டின் காதை அறுத்து எடுத்து, குட்டிக் காதில் துளை போட்டு, கம்பியால் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கம்பியை நான் பார்த்திருக்கிறேன். கம்மல் தளர்ந்ததும் தாங்களே கட்டிவிட்டார்களே என்று பாராட்டக்கூடச் செய்தேன்! ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றால், ஆடு எப்படி இருக்கு என்று கேட்டீர்கள், நல்லா இருக்கு என்றோம் என்கிறாள். பக்கத்து லயங்களிலும் இதே கதைதான். செத்த ஆடுகளின் எண்ணோடு நோயே வராத ஆடுகள் நின்றிருக்கின்றன. நான் அவற்றின் ரத்தத்தை எடுத்துப் போய், கல்லீரல் தேறிவிட்டது என்று எழுதியிருக்கிறேன்.

எதற்கம்மா கேட்கிறீர்கள் என்றாள். சும்மா கேட்டேன் என்றேன். அவள் அடுப்புக்கு மேலே பலகையில், ஆராய்ச்சி முடிந்ததும் வீட்டுக்கு வீடு நான் கொடுத்த மருந்துப் புட்டி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன், சும்மா கேட்டேன் என்று.

பிப்ரவரி 16

கோபாலபுரம், எங்கள் கிராமம். ஞாயிற்றுக்கிழமை, வீடு. வேறு யாருக்கோ நடந்த மாதிரி அம்மாவிடம் சொன்னேன். அந்தப் பெண் படித்தவள், இந்த வழக்கமெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கே வக்காலத்து வாங்கிக்கொண்டேன்.

"ஏங் கண்ணு, நம்மூட்டுலயும் அப்படித்தானே? கருப்பராயனுக்கு உட்ட கெடா செத்தப்ப உங்கப்பன் அதே நெறத்துல ஒண்ணு புடிச்சுட்டு வந்தாரல்ல. பழைய கெடாயோட சலங்கையக் கழட்டிப் புதுசுக்குக் கட்டுனதே நீதான்!"

நான்தான். அந்தச் சலங்கையின் சத்தம்கூட ஞாபகம் இருக்கிறது. வெள்ளைக் கோட்டைப் போட்டதும் அதெல்லாம் கழன்று போய்விட்டதா எனக்கு?

பிப்ரவரி 21

சுதீப் சாரிடம் சொன்னேன். இல்லை, சொல்லவில்லை. ஒரு ஆடு மாறியிருக்கிறது சார் என்றேன். ஒன்றுதானே, ஆய்வேட்டில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும் என்றார். சரி சார் என்று வந்துவிட்டேன். தூ.

மார்ச் 4

கருத்தரங்கு. படத்தைக் காட்டினேன். பற்கள் தெரியாதபடி வெட்டி, ஈறு மட்டும். கைதட்டினார்கள். பிப்ரவரி வரை நான் முட்டாளாக இருந்தேன். இன்று என்ன?

மார்ச் 11

இன்பமேரி கூப்பிட்டாள். அவளுடைய தாய் ஆடு, பால் தருவது, செத்துப்போய்விட்டது. குட்டிகள் இன்னும் முட்டிக் குடித்துக்கொண்டிருந்தவை. முன்பெல்லாம் உண்ணிச்செடி மேட்டுப் பக்கமே அதை விடமாட்டாள். இப்போது மருந்துதான் இருக்கிறதே என்று கொடுத்துக் கொடுத்து மேய விட்டிருக்கிறாள்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"நாந்தான் அளவு தப்பாக் குடுத்துட்டனோ டாக்டரம்மா? மத்த ஆடெல்லாம் பொழச்சுதுன்னு சொன்னீங்கள்லா."

இல்லக்கா, நீங்க தப்புப் பண்ணல, நேர்ல வந்து சொல்றேன்னு வெச்சுட்டேன். வேற என்னத்தச் சொல்ல? ஒரு மாசமா வாய மூடிக்கிட்டு இருந்தனே. அன்னைக்கு அந்தப் புட்டியக் கையில எடுத்துட்டு வந்திருந்தாப் போதுமே. என்ன படிச்சு என்னத்துக்காச்சு, பட்டம் ஒண்ணுதான் கேடு எனக்கு. நாந்தான் கொன்னேன் அந்த ஆட்ட.

மார்ச் 12

காலையில் சாரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டிய படம் வரை. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். அவர் பேரும் அதில் இருக்கிறது.

"ஆடு மாறினது கூடப் பரவாயில்லை. ஒண்ணுன்னு எங்கிட்ட ஏன் பொய் சொன்னே?"

பட்டம் எப்போது என்று இனிக் கேட்காதே என்றார். பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் எனக்குக் கீழே அவரும் கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 15

எஸ்டேட்டில் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில், வேலைக்குப் போகும்முன் கங்காணியிடம் கேட்டுக்கொண்டு எல்லார் முன்னாலும் நின்றேன். என் மருந்து வேலை செய்கிறது என்று நான் சொன்னது தப்பு. அது தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அதனால் இன்பமேரியக்காவின் ஆடு செத்தது. புட்டிகளைத் திருப்பிக் கொடுங்கள், ஆடுகளை அந்த மேட்டில் விடாதீர்கள். இவ்வளவும் சொல்லும்போது இரண்டு முறை வார்த்தை மாறிப்போய்த் திருத்திச் சொன்னேன். யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

இன்னொன்றும் கேட்டேன். சார் அனுமதித்தால் மருந்தை முதலிலிருந்து சோதிக்க வருவேன். அப்போது ஆடு செத்தால் கம்மலைக் கழற்ற வேண்டாம், எனக்குச் சொல்லி அனுப்புங்கள். புதிதாக விடும் நேர்ச்சை ஆட்டுக்கு அடையாளமாக, கம்மலுக்குப் பதில், சிவப்பு நாடா நானே வாங்கித் தருகிறேன்.

இன்பமேரி என் புட்டியை என் கையில் கொடுத்துவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறினாள். இன்றைக்குச் சாயா இல்லை.

ஏப்ரல் 28

கட்டுரை நீக்கப்பட்டதாகப் பத்திரிகையில் அறிவிப்பு. காரணம், எங்கள் பெயர்கள், எல்லாம் இருக்கிறது. கேன்டீனில் என் மேஜைக்கு யாரும் வரவில்லை.

மே 19

சார் ஒப்புக்கொண்டார். மீண்டும் சூரியநெல்லி. முதல் நாள் ஒரு ஆடுகூட வரவில்லை. கிளம்பும் நேரத்தில் இன்பமேரியின் கணவர் சகாயம் ஒன்றை இழுத்து வந்தார். கிழட்டுக் கறுப்பு ஆடு, லேசாக ஈறு மஞ்சள், இந்த வருஷ நேர்ச்சை. அவள் கொடுத்துவிட்டாள் என்றார். அவள் வரவில்லை. முதலில் பற்களைப் படம் எடுத்தேன். பிறகுதான் ஈறு.

ஜூன் 7

திருவிழாவுக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. காலையில் இன்பமேரியின் போன். கறுப்பி செத்துப்போச்சு, வாங்க என்றாள். அவ்வளவுதான்.

போய்ச் சேர்ந்தபோது மழை. லயத்துக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தாள். பக்கத்தில் வேறொரு கறுப்புக் குட்டி, கழுத்தில் சிவப்பு நாடா, காதில் ஒன்றும் இல்லை. செத்ததன் காதில் கம்மல் அப்படியே இருந்தது.

"நேர்ச்சை ஆடு செத்துப்போச்சுன்னு வெளிய சொல்ல வெக்கமாத்தான் இருந்துச்சு. நீங்க அன்னைக்கு அத்தன பேருக்கு முன்னாடி சொன்னீங்கள்லா. அதான் தொடல."

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குனிந்து ஆட்டை அறுத்தேன். கல்லீரல் வீங்கி மஞ்சள் பூத்திருந்தது, பித்தப்பை புடைத்திருந்தது. மருந்து கேட்கவில்லை. எண்ணுக்கு எதிரே, இறந்தது என்று எழுதினேன். கை கழுவிவிட்டு வந்தபோது வாசற்படியில் கட்டன் சாயா வைத்திருந்தாள்.

இதை எழுத விட்டுவிட்டேன்: அறுப்பதற்கு முன் உதட்டை விலக்கிப் பார்த்தேன். மஞ்சள் ஈறு, தேய்ந்த பற்கள். அதே ஆடுதான்.