மாடி அறைக்கு ஒரு மஞ்சள் ஸ்கிரீன்

அன்பு மகள் ஹனியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மா எழுதுகிறேன். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் அத்தாவும் நன்றாக இருக்கிறோம். அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி கேட்டுவிட்டு மேலே போவதுதான் வழக்கம், இந்த முறை அந்த ஒரு வரியைக் கேட்கத்தான் இத்தனை பக்கமும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். தினமும் போனில் பேசுகிற அம்மாவுக்கு இப்போது பேப்பரும் பேனாவும் எதற்கு என்று உனக்குச் சிரிப்பு வரும். போனில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்குக் கேட்க வாய் வரவில்லை, அதனால்தான்.

முதலில் வீட்டுச் சேதி. அத்தாவைச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வந்தேன், ஸ்டென்ட் வைத்த இடம் நன்றாக இருக்கிறதாம், பிரஷர்தான் ஏறி இறங்குகிறது. அதிர்ச்சியான சேதி எதையும் அவரிடம் சட்டென்று சொல்லாதீர்கள் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், என்னமோ நான் அதை மூட்டை கட்டி வைத்திருக்கிற மாதிரி. மனுஷன் ஊறுகாயை மட்டும் விடமாட்டேன் என்கிறார். நம் செருப்புக் கடைக்கு வருகிற டவுன்ஷிப் ஆட்கள் எல்லோரிடமும் டிசம்பரில் மகளும் மாப்பிள்ளையும் வருகிறார்கள், இங்கிலாந்து லெஸ்டரிலிருந்து வருகிறார்கள் என்று ஆரம்பித்து, வந்தவர் செருப்பு வாங்குவதையே மறந்து போகிறவரை பேசுகிறார். நடுவில் மழை வந்து மாடிப்படியில் தண்ணீர் நின்றது, அதைச் சரிபண்ணியாகிவிட்டது.

மாடி அறை விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை மாப்பிள்ளை அந்த அறையைப் பார்த்து கோடவுன் மாதிரி இருக்கிறது என்று சொல்லி, மறுநாளே மாமல்லபுரத்தில் ரூம் போட்டு உன்னைக் கூட்டிப்போய்விட்டார் இல்லையா. சொந்த வீடு இங்கே இருக்க, என் பிள்ளை அரை மணி பஸ் தூரத்தில் ஓட்டல் கட்டிலில் படுத்தது எனக்கு இன்றுவரை ஆறவில்லை. மூன்று நாளில் ஒரு வேளைதான் என் கையால் சாப்பிட்டாய். அதனால் இந்த முறை மாப்பிள்ளை வாய் திறக்கவே கூடாது, லெஸ்டரில் உங்கள் அறை எப்படியோ அப்படியே இங்கேயும் இருக்க வேண்டும், இங்கேயே தங்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டேன். பெயின்டர் சம்பத் வந்து நாலு சுவருக்கும் ரோஸ் அடித்துத் தருகிறேன் என்றார், டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். எல்லாம் நானே. வீடியோவில் ஒரு பெண் சொல்லித்தருகிறாள், முதலில் பொருள் வாங்காதே, முதலில் யோசி என்கிறாள். பழைய பேப்பரை மேஜை அளவு, அலமாரி அளவு வெட்டித் தரையில் போட்டு, நடந்து பார்த்து, முட்டியில் இடிக்காத இடமாகப் பார்த்துத்தான் ஒவ்வொன்றுக்கும் இடம் வைத்தேன். ஒரு சுவருக்கு மட்டும் கரும்பச்சை, மற்றதற்கெல்லாம் பால் வெள்ளை. உப்புக் காற்றில் இரும்பு நிற்காது என்று ஜன்னலில் ஸ்கிரீன் மாட்ட மரக்கம்பு. மாமல்லபுரத்தில் சிப்பி ஒட்டின கண்ணாடி பளபளவென்று இழுத்தது, கண்டதையும் மாட்டினால் அறை கடை மாதிரி ஆகிவிடும் என்று அந்தப் பெண் சொன்னது ஞாபகம் வந்து, ஒரு பிரம்பு விளக்கோடு திரும்பிவிட்டேன். ரோலர் பிடித்துச் சுவர் அடித்ததில் தோள்பட்டை இரண்டு நாள் தூக்க முடியவில்லை. அத்தா மேலே வந்து பார்த்து, இது யார் வீடு, செருப்பைக் கழற்றிவிட்டு வரணுமா என்று கேட்டார். அது பாராட்டுதான், உனக்குத் தெரியுமே.

கட்டிலும் கரும்பச்சைக்கு இரண்டாவது கோட்டிங்கும் போக, பாக்கி இருந்தது உன் ஜன்னல் ஸ்கிரீன்தான். நீ பேசும்போது உனக்குப் பின்னால் தொங்குமே, கடுகு மஞ்சளில் பச்சை இலை போட்டது. செங்கல்பட்டில் கடை கடையாக ஏறினேன், அந்த மாதிரி கிடைக்கவில்லை. சரி போ என்று வெறும் மஞ்சள் துணி எடுத்துவந்து, உருளைக்கிழங்கை இலை மாதிரி செதுக்கித் துணிப் பெயின்டில் தோய்த்து நானே அச்சுப் போட்டேன். குருமாவுக்கு வாங்கின கிழங்கெல்லாம் ஜன்னலுக்குப் போய்விட்டது என்று அத்தாவுக்குக் குறை. எந்த இலைக்குப் பக்கத்தில் எந்த இலை என்று தெரிய, நாம் பேசும்போது போனில் பிடித்து வைத்த பழைய படங்களை விரலால் இழுத்துப் பெரிசாக்கிப் பார்த்துப் பார்த்துத்தான் போட்டேன். உன் ஸ்கிரீனை எனக்கு இப்போது இலை இலையாகத் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் மஃரிபு தொழுதுவிட்டு உன்னைக் கூப்பிட்டேனே, அன்றைக்குத்தான் அதை மாட்டி முடித்தேன். ஒன்றும் சொல்லாமல் அதற்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நீ எப்போது கண்டுபிடிப்பாய், எப்படிக் கத்துவாய் என்று காத்துக்கொண்டிருந்தேன். உனக்குப் பின்னாலும் மஞ்சள், எனக்குப் பின்னாலும் மஞ்சள். கடல் காற்றுக்கு என்னுடையது ஆடிக்கொண்டிருந்தது. நீ பார்த்தாய். உன் முகம் இருந்த இருப்பு அப்படியே மாறிவிட்டது, அழகா இருக்கும்மா என்று சொன்னாய், சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டாய். அத்தா கடையிலிருந்து வந்து மகள் என்ன சொன்னாள் என்று கேட்டார், ரொம்ப சந்தோஷப்பட்டாள் என்று சொன்னேன்.

உனக்குப் பிடிக்கவில்லையோ, நான் செய்ததில் ஏதோ கோணல் என்று நினைத்து, மறுநாள் பக்கத்து வீட்டு வரலட்சுமியை மாடிக்குக் கூப்பிட்டு, முதல்நாள் பேசும்போது பிடித்த உன் படத்தைக் காட்டி, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா பார் என்றேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னாக்கா, ஸ்கிரீனுக்குப் போயி துணி காய வைக்கிற கிளிப்பு போட்டுகினு கீது ஒம் பொண்ணு" என்றாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிக் கீழே வந்துவிட்டேன்.

அப்புறம் எல்லாப் படத்தையும் வரிசையாகப் பார்த்தேன் ஹனியா. நோன்புப் பெருநாளுக்கு முன்னால் எடுத்ததில் எல்லாம் இலைகள் நேராக நிற்கின்றன, பின்னால் ஜன்னல் வெளிச்சம், உன் முகம் இருட்டாக இருக்கிறது, தள்ளி உட்காரு என்று நான் சண்டை போடுவேனே அந்தப் படங்கள். பெருநாளுக்குப் பிறகு எடுத்ததில் அதே துணி குறுக்குவாட்டில் தொங்குகிறது. இலைகள் படுத்திருக்கின்றன. மேலே ஒரு கயிறு, கயிற்றில் கிளிப்பு. இங்கே மஃரிபு என்றால் அங்கே நடுப்பகல், ஆனால் துணிக்குப் பின்னால் துளி வெளிச்சம் இல்லை, நாம் பேசும்போது அது ஆடினதும் இல்லை. ஒரு படத்தில் ஓரமாகக் கட்டிலும் தலைமாட்டில் கெட்டிலும் தெரிகிறது. உன் முகம் இப்போதெல்லாம் நன்றாகத் தெரிகிறது என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் துணிக்குப் பின்னால் ஜன்னலே இல்லை, சுவர்தான் இருக்கிறது. நீ அந்த வீட்டில் இல்லை. நாங்கள் கண்டுபிடிக்கக் கூடாது என்று அந்த ஸ்கிரீனை மட்டும் கழற்றிக்கொண்டு போய் வேறு எங்கேயோ கட்டி, அதற்கு முன்னால் உட்கார்ந்து தினமும் எங்களிடம் சிரித்துப் பேசுகிறாய். மாப்பிள்ளை எங்கே என்று கேட்டால் வேலை என்கிறாய், பக்ரீத் அன்றைக்குக்கூட வேலை என்றாய்.

நான் நினைப்பது தப்பாக இருந்தால் கிறுக்கு அம்மா என்று திட்டு, தலை குனிந்து வாங்கிக்கொள்கிறேன். தப்பில்லை என்றால் நான் என்ன செய்வேன், சொல். எனக்குப் பாஸ்போர்ட் இல்லை, எனக்குத் தெரிந்ததெல்லாம் செங்கல்பட்டு பஸ்தான். மாப்பிள்ளை வீட்டுக்குப் பேசலாம் என்று போனை எடுத்தேன், உனக்கு அதனால் என்ன வருமோ என்று வைத்துவிட்டேன். அத்தாவிடம் சொல்ல முடியாது, டாக்டர் சொன்னதை மேலே எழுதியிருக்கிறேன். அவர் வேறு தினமும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் மாப்பிள்ளைக்கு ஏசி எந்தக் கம்பெனி பிடிக்கும் என்று ஆரம்பித்துவிடுகிறார், நான் ரசத்தை ஊற்றிக்கொண்டே தலையாட்டுகிறேன். நீ சாப்பிடுகிறாயா, அந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா, உன்னோடு யாராவது இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாத அம்மாவாக இருக்கிறேன். யாருடைய வாய்க்குப் பயந்து சுவர் சுவராக அடித்தேனோ அந்த ஆளை நினைத்தால் ரோலரைத் தொடவே கை கூசுகிறது. கரும்பச்சை பாதியில் நிற்கிறது.

இதைத் தபாலில் போடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். எந்த விலாசத்துக்குப் போடுவது? என்னிடம் இருக்கிற விலாசத்துக்குப் போட்டால் மாப்பிள்ளை கையில்தான் போய்ச் சேரும். அதனால் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்புகிறேன், தனியாக இருக்கும்போது படி. உடனே போன் பண்ணாதே, நீ அழுதால் நானும் அழுவேன், அத்தா பக்கத்திலேயே இருப்பார். என்ன நடந்தது, யார் மேல் தப்பு என்று நான் கேட்கப்போவதில்லை. சொல்ல வேண்டும் என்று உனக்குத் தோன்றும்போது சொல், தோன்றாவிட்டால் வேண்டாம். நெஞ்சில் சளி கட்டாமல் கழுத்தில் துணி சுற்றிக்கொள், வெறும் பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே. ஐந்து வேளையும் உனக்காகத்தான் கையேந்துகிறேன். அல்லாஹ் உன்னைத் தன் காவலில் வைக்கட்டும், உன் மனசுக்கு அமைதி தரட்டும், உன்னை என் கண்ணில் காட்டட்டும்.

ஒன்றே ஒன்று மட்டும் மறக்காமல் பதில் எழுது. ஆசாரி செல்வராஜ் மாடி அறைக் கட்டிலுக்குப் பலகை அறுக்க வேண்டும், அளவு சொல்லுங்கம்மா என்று இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டார். ஒருத்தர் படுக்கிற கட்டிலா, இரண்டு பேர் படுக்கிற கட்டிலா, அதை மட்டும் சொல். அத்தாவிடம் எப்படிச் சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் பதிலுக்காகப் போனைக் கையிலேயே வைத்திருக்கும்
அம்மா
ரோஷன் பீவி
புதுப்பட்டினம்