அதிர்ந்து பேசாதவராம் நீங்கள், மச்சாள்

என் ஆசை மச்சாளுக்கு,

நேற்று உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்தது. ஸ்காபரோவில் வாடகைக்கு ஹோல் எடுத்து, ஐயரைக் கூப்பிட்டு, சோறு, கறி, வடை, பாயாசம் என்று ஒரு குறையும் வைக்காமல் உங்கள் மனுசன், என் அண்ணை, செய்தார். எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. அவ்வளவு கோபம். துக்கமும் இருக்கிறது மச்சாள், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் ஆட்கள் வழக்கம்போலக் கல்வெட்டு அடித்திருந்தார்கள். செத்தவரின் படம், வாழ்க்கைக் கதை, தேவாரம், திதி வெண்பா எல்லாம் போட்டு, சாப்பிட்டுப் போகிறவர்களின் கையில் கொடுத்துவிடுகிற அந்தப் புத்தகம். காலையில் பெட்டியைப் பிரித்து ஒன்றை எடுத்துப் பார்த்தேன். உங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? "அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர். கணவன் சொல் தட்டாதவர். ஒருவருக்கும் இடைஞ்சல் கொடுக்காதவர்." நீங்களாம்! கண்டறியாத கல்வெட்டு! கிழித்தெறிந்திருப்பேன், தேவாரம் இருக்கிறதே என்று விட்டேன்.

பொலிஸ்காரர் உங்களைக் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போன படத்தை இந்த ஊர்த் தமிழ்ச் சனத்தில் பாதி பேப்பரில் பார்த்தது. அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. நாங்கள் எல்லாரும் முதலில் இருந்த சென் ஜேம்ஸ் ரவுண் என்ற பெயரே இல்லை. பிறந்தார், கட்டினார், கனடா வந்தார், அஜக்ஸில் வீடு வாங்கினார், மாரடைப்பில் செத்தார். இடையில் இருந்த மனுசி எங்கே போனாள்?

இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் கடை வாசலில் சும்மா எடுக்கக் கிடக்கிற தமிழ்ப் பேப்பருக்கும் கொடுக்கப் போகிறேன். கத்தரிக்காய் வாங்க வருகிற சனமும் படிக்கட்டும்.

சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் மாடிக் கட்டடத்து லிப்ற் ஞாபகம் இருக்கும். குளிர்காலம் தொடங்கியதிலிருந்து ஓடவில்லை. ஒருத்தி வயிற்றுப் பிள்ளையோடு படி ஏறுவாள், இன்னொருத்தி கைக்குழந்தையோடும் அரிசி மூட்டையோடும் நடுவில் இருந்து அழுவாள். நாங்கள் கட்டடத்து ஒபிசுக்குக் கடிதம் எழுதினோம். கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம். மனேஜர் ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டு வாங்கி வைத்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை துறுதுறுக்கிறது.

கீழே உடுப்புத் தோய்க்கிற அறையில்தான் டோறத்தி உங்களுக்குச் சினேகிதமானாள். வியட்நாம் சண்டைக்கு ஆள் பிடித்த காலத்தில் தம்பியைக் காப்பாற்ற அவனையும் இழுத்துக்கொண்டு அமெரிக்காவிலிருந்து வந்தவள். "நானும் ஓடி வந்தவள்தான்" என்று எங்களைப் பார்த்துச் சொல்லுவாள். மெஷின் சுற்றி முடிகிற வரைக்கும் அவள் கதை சொல்ல, நீங்கள் அதை மேலே கொண்டுவந்து எங்களுக்குத் தமிழில் சொல்லுவீர்கள்.

அவளுடைய தகப்பன் மிச்சிகனில் கார் தொழிற்சாலையில் வேலை செய்தவர். வெளியே நின்று வேலைநிறுத்தம் செய்தால் கம்பனி வேறு ஆட்களை வைத்து ஓட்டிவிடும் என்று அவர்கள் உள்ளேயே இருந்துவிட்டார்களாம். கம்பனி ஹீற்றரை நிறுத்தியும் எழும்பவில்லை. கார் சீற்றைக் கழற்றி அதிலே படுத்தார்களாம். அமெரிக்காவின் தெற்கில் கறுப்புப் பிள்ளைகள் தங்களுக்குச் சாப்பாடு தராத வெள்ளைக்காரரின் கடைகளில் போய் எழும்பாமல் இருந்ததையும் சொன்னாள். தலையில் சீனியும் சோஸும் கொட்டினார்கள், சிகரெட்டால் சுட்டார்கள், அவர்கள் திருப்பிக் கை ஓங்கவில்லை. நியூயோர்க்கில் வாடகை கொடுக்க மறுத்த சனம், வீட்டில் பிடித்த எலிகளைக் கோட்டுக்குக் கொண்டுபோய் நீதவானுக்கே காட்டியது. கால் வழங்காதவர்கள் சக்கர நாற்காலியை விட்டிறங்கி, அமெரிக்கப் பாராளுமன்றத்தின் படிகளில் தவழ்ந்து ஏறினார்கள். எய்ட்ஸ் வந்தவர்கள், மருந்துக்கு வழி செய்யாத அரசாங்கத்துக்குத் தெரியட்டும் என்று, நடு ரோட்டில் பிணம்போலப் படுத்தார்கள்.

"உதெல்லாம் குழப்படி வேலையெல்லே?" என்று நான் கேட்டேன்.

"ஓமடி, குழப்படிதான். கடிதம் எழுதினா அவன் வாசிக்கத் தேவையில்லை. அவன்ரை வேலையைக் குழப்பினா அவன் எங்களோடை கதைச்சுத்தான் ஆகவேணும்" என்றீர்கள். பிறகு, "என்ரை அப்பா ஊரிலை அரசாங்கக் கச்சேரி வாசல்லை சத்தியாக்கிரகம் இருந்தவர். ஆமி வந்து அடிச்சுக் கலைக்குமட்டும் எழும்பேல்லை. எங்களுக்கும் உது புதுசில்லை, லீலா" என்றீர்கள்.

அந்தக் கறுப்புப் பிள்ளைகள் கடைக்குப் போவதற்கு முதல் பழகிப் பார்த்தார்களாம், ஒருவரை ஒருவர் ஏசி, தள்ளி, தலைமயிரைப் பிடித்து இழுத்து. மனேஜரின் ஒபிசுக்குள் போய் இருப்பதற்கு நாங்களும் உங்கள் வீட்டு ஹோலில் பழகினோம். நான்தான் மனேஜர் வேஷம். "ஏசடி, நல்லா ஏசு, மச்சாள் எண்டு பாக்காதை" என்று நீங்களே சொல்லிவிட்டு, நான் வாய்க்கு வந்தபடி ஏசத் தொடங்க, எல்லாருக்கும் முதல் நீங்கள்தான் கெக்கட்டம் விட்டுச் சிரித்தீர்கள். அதிர்ந்து பேசாதவராம்!

ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் சிரிக்கவில்லை. அகதிக் கேஸ் முடியாத ஒருவரும் ஒபிசுக்குள் வரக்கூடாது. அவர்கள் மேலே நின்று சமைத்து அனுப்ப வேண்டும், கனடாவில் இருக்க அனுமதிப் பேப்பர் கிடைத்தவர்கள் மட்டும் உள்ளே. அழுது கேட்டவர்களையும் நீங்கள் விடவில்லை. "என்னை உள்ளுக்கை போட்டா வெளியிலை விடுவாங்கள். உன்னைப் பிளேனிலை ஏத்திப்போடுவாங்கள்" என்று சொன்னீர்கள். இதைவிட ஒரு மனுசருக்கு என்ன யோசனை வேண்டும்? இதைக் கல்வெட்டில் போட்டால் யாருக்கு என்ன குறைந்துவிடும்?

டோறத்தி எங்களுக்கு எவ்வளவோ சொல்லித் தந்தாள். கையைக் கோத்துக்கொள், தூக்க வந்தால் உடம்பைச் சோர விடு, ஓடாதே. ஒன்றை மட்டும் அவள் சொல்லவில்லை, அவளுக்கு அது தோன்றியிருக்காது. ஒபிசுக்குள் புதுக் கார்பெற். வாசலில் எங்கள் சனம் என்ன செய்தது? சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் வரிசையாக வைத்துவிட்டு, காலுறையோடு உள்ளே போய் இருந்தது! ஒருத்தருடைய ஒபிசைப் பிடிக்கப் போகிறவர்கள் அவனுடைய கார்பெற் ஊத்தையாகக் கூடாது என்று பார்க்கிறோம். நீங்களும்தான் மச்சாள், நீங்கள்தான் முதலாவது ஆள்.

மனேஜர் அதைக் கண்டான். எங்களைத் தொட முடியாத கோபத்தில் செக்கியூரிற்றியைக் கூப்பிட்டு, எல்லாச் சப்பாத்தையும் குப்பைப் பைகளில் அள்ளிப் போகச் சொன்னான். பயந்து ஓடிவிடுவோம் என்று நினைத்தான் போல. எங்கே ஓடுவது? வெளியே முழங்கால் வரைக்கும் பனி. பொலிஸ் வந்து எழும்பச் சொன்னது. "சப்பாத்தைத் தரச் சொல்லுங்கோ" என்று நீங்கள் உங்களுடைய இங்கிலீசில் சொன்னீர்கள். அந்தப் பொலிஸ்காரன் எங்கள் கால்களைப் பார்த்தான், மனேஜரைப் பார்த்தான். "போய் எடுத்துக்கொண்டு வா" என்றான். பைகள் அதற்குள் குப்பைத் தொட்டிக்குள் போய்விட்டன. அவர்கள் கிளறித் தேடுவதற்குள் பேப்பர்காரனும் கமெராவோடு வந்துவிட்டான்.

சப்பாத்து வந்தது. நாற்றத்தோடு வந்தது. போட்டுக்கொண்டு திரும்பவும் அதே இடத்தில் இருந்தோம். அப்போதுதான் உங்களைத் தூக்கினார்கள். உடம்பைச் சோர விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, வாயை மட்டும் மூடாமல் போனீர்கள். "லிப்ற்! லிப்ற்!" என்று நீங்கள் கத்தினது தெருமுனை வரைக்கும் கேட்டது. அத்துமீறி நுழைந்ததாக ஒரு அபராத ரிக்கற் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலையில் லிப்ற் திருத்துகிற வான் வாசலில் நின்றது.

டோறத்தி வயிறு நோகச் சிரித்தாள். ஆக்கிரமிக்கப் போன இடத்தில் சப்பாத்துக் கழற்றியவர்களைத் தன் வாழ்நாளில் கேள்விப்பட்டதில்லை என்றாள். பிறகு உங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆனால் எங்கள் சொந்தக்காரர்? "பொம்பிளையைப் பொலிஸ்காரன் தொட்டுத் தூக்கினவனாம்" என்று, வீடு வாங்கிப் போனவர்கள் இருக்கிற ரூஜிலும் அஜக்ஸிலும் ரெலிபோன் பறந்தது. மானம் கப்பலேறிவிட்டதாம். லிப்ற் ஏறி உங்கள் வீட்டுக்கு வந்து, அந்த லிப்ற்றுக்காக இருந்தவளுக்குப் புத்தி சொன்னார்கள்! அண்ணை ரக்சி ஓடிவிட்டு வந்து உங்களோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார். அடுத்த வருடமே அஜக்ஸில் வீடு பார்த்தார்.

உங்களோடும் எனக்குக் கோபம்தான், சொல்லிவிடுகிறேன். அங்கே போன பிறகு ஏன் வாயை மூடினீர்கள்? யாராவது அந்தக் கதையை எடுத்தால் தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போய்விடுவீர்களே, ஏன்? அண்ணைக்காகவா? மகள் அபிக்காகவா? அல்லது உண்மையிலேயே உங்களுக்குக் கூச்சம் வந்துவிட்டதா? கேட்டிருக்க வேண்டும். இனி யாரைக் கேட்பது?

செத்தவீட்டுக்கு வந்த டோறத்தியிடம் நான் இதைச் சொல்லி அழுதேன். அவள் தன்னுடைய நாட்டுக் கதையைச் சொன்னாள். கறுப்புச் சனத்தின் உரிமைக்காக நின்ற அந்தக் கறுப்புப் பாதிரியாரை உயிரோடு இருந்தபோது கலகக்காரன் என்று மறியல் வீட்டில் போட்டார்கள், ரெலிபோனை ஒட்டுக் கேட்டார்கள். இன்றைக்கு அவருடைய பெயரில் லீவு விட்டு, முத்திரை அடித்து, அன்பானவர், அமைதியானவர் என்கிறார்கள். றோட்டை மறித்ததையும் கடைகளுக்கு நட்டம் வைத்ததையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "உயிரோடை இருக்கேக்கை பயந்தவைதான் பிறகு நல்லாத் துடைச்சு வைக்கினம்" என்ற மாதிரிச் சொன்னாள். நேற்றுக் கல்வெட்டைப் பிரித்தபோது அதுதான் எனக்கு முதலில் வந்தது.

அதனால் நேற்று நானும் ஒரு குழப்படி செய்தேன், மச்சாள்.

கல்வெட்டுப் பெட்டிகளை ஹோலுக்குப் பக்கத்துச் சின்ன அறைக்குள் அடுக்கியிருந்தார்கள். சனம் சாப்பிடத் தொடங்கியதும் நான் போய் அந்த அறை வாசலுக்குக் குறுக்கே, சீலையைச் சரி செய்துகொண்டு, நிலத்தில் இருந்துவிட்டேன். கல்வெட்டு வாங்காமல் எங்கள் ஆட்கள் எழும்பிப் போகமாட்டார்கள். நாலு மணிக்கு ஹோலை விட வேண்டும், அடுத்ததாக ஒரு பிறந்தநாள் பார்ட்டி. பலூன்காரர் வாசலில் வந்து நிற்கிறார்கள். இதெல்லாம் பார்த்துத்தான் இருந்தேன்.

"எழும்பு லீலா, ஆக்கள் பாக்கினம்" என்றார் அண்ணை.

"பாக்கட்டும். மச்சாளைப் பொலிஸ் பிடிச்சது உதுக்குள்ளை இல்லை. அதைப் போடாமல் ஒரு புத்தகமும் வெளியிலை போகாது."

"உனக்கென்ன விசரா? அபிக்குக் கலியாணம் பேசிறம். மாப்பிள்ளை வீட்டுக்காரர் முன்னுக்கு இருக்கினம். தாயைப் பொலிஸ் கொண்டுபோனது எண்டு அச்சடிச்சுக் குடுக்கச் சொல்லுறியோ?"

"ஓம், அச்சடிச்சுத்தான் குடுக்கச் சொல்லுறன்!"

பெரிய மனிதர்கள் வந்து கெஞ்சினார்கள். ஒருவர் ஐயரையே கூட்டிவந்தார், அந்த மனிசன் பாவம், என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து வந்த பெண்கள் பாயாசக் கோப்பையை வைத்துவிட்டு ஒவ்வொருத்தியாக வந்து என் பக்கத்தில் இருந்தார்கள். உங்களுடைய காலத்தில் மேலே நின்று சமைத்தவர்கள்தான் முதலில் வந்தார்கள். இப்போது அவர்களுக்கும் பேப்பர் வந்துவிட்டது.

பிறகு அபி வந்தாள். யூனிவேர்சிற்றிக்குப் போகிற பிள்ளை, சீலை கட்டத் தெரியாமல் கட்டிக்கொண்டு வந்து தகப்பனுக்கு முன்னால் நின்றாள். "அப்பா, ஐ ஹாட் நோ ஐடியா. அம்மா எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. என்னைக் கட்டுறவன் அம்மா ஆர் எண்டு தெரிஞ்சு கட்டட்டும். இல்லாட்டி வேண்டாம். ஐ மீன் இற்" என்று சொல்லிவிட்டு என் மடியில் சாய்ந்து அழுதாள். எனக்கும் அப்போதுதான் அழுகை வந்தது.

அண்ணை எங்களுக்கு முன்னால் குந்தினார். முகம் வாடிப் போயிருந்தது. "அவளைப் பற்றி ஒரு நாயும் ஒண்டும் சொல்லக்கூடாது எண்டுதான் அப்பிடி எழுதுவிச்சனான்" என்றார். குரல் உடைந்துவிட்டது. அவருக்கும் உங்களில் உயிர்தான் மச்சாள், அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் எழும்பவில்லை.

கடைசியில் கல்வெட்டு கொடுபடவில்லை. தபாலில் வரும் என்று மைக்கில் சொல்லிவிட்டார்கள். பெட்டிகள் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. ஒரு பக்கம் புதிதாக அடித்து உள்ளே வைப்பதற்கு அண்ணை சம்மதித்தார். கார்க் கதவைத் திறந்துகொண்டு நின்று, "எழுது. லிப்ற் கதையை எழுது. பொலிஸ் எண்ட சொல் மட்டும் வேண்டாம், லீலா, உன்னைக் கும்பிட்டன்" என்றார். நான் கடைசிப் பெட்டியையும் காரில் ஏற்றினேன்.

உங்களுக்குச் சொல்கிறேன், மச்சாள். அந்தப் பக்கத்தின் முதல் வரியிலேயே அந்தச் சொல் இருக்கும். "தவமணி, எங்கள் எல்லாருக்காகவும் பொலிசால் பிடிக்கப்பட்டவர்" என்றுதான் தொடங்கப் போகிறேன். அண்ணை ஏசட்டும், சனம் கதைக்கட்டும், அச்சுக்காரன் மாட்டேன் என்றால் அவனுடைய வாசலிலும் போய் இருப்பேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்களுக்கு ஏசிப் பழகிய மச்சாள்,
லீலா