எரியாத அமிலம்

இன்று காலை புது அமிலக் கேன் வந்து இறங்கியது. அதே வெள்ளை பிளாஸ்டிக், அதே சிவப்பு மூடி. நீ போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. நீ நின்று வேலை பார்த்த மேசைக்கு அடியிலேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

இந்தத் தனியார் ஆய்வகத்தில் நாம் ஒன்றாகத்தான் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தோம். எங்கோ எண்ணெய்க்குத் துளை போடும்போது வரும் பாறைத் துண்டுகள் திண்டுக்கல்லுக்கு மூட்டையில் வரும். இடித்து, சுண்ணாம்பு போக ஓர் அமிலத்தில் ஊறவைத்து, மீதி மணலும் களிமண்ணும் கரைய ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் ஊற்றுவோம். கண்ணாடியையே தின்னும் என்பதால் எல்லாம் பிளாஸ்டிக் குவளை. சில நாளில் பாறை காணாமல் போகும். அடியில் தங்கும் கறுப்பு வண்டலைச் சல்லடையில் அலசினால், கோடிக்கணக்கான வருடப் பழைய மகரந்தம் அப்படியே கிடக்கும்; அதை வைத்துத்தான் பாறையின் வயதைச் சொல்வார்கள். முதல்முறை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு நீ கத்தினாய்: "ஏலே, கல்லே கரைஞ்சு போச்சு, இது கரையல பாரு! நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுல வச்சா வாடாத பூன்னு அள்ளிட்டுப் போவாய்ங்க."

அந்த அமிலம் மேலே பட்டால் உடனே தடவக் கால்சியம் களிம்பு வேண்டும். சேர்ந்து போய்க் கேட்டோம். "தண்ணி விட்டுக் கழுவுனாப் போதும்ப்பா, இது என்ன ஆஸ்பத்திரியா?" என்றார் மேலாளர். அந்த வாரமே அவர் அறைக்குப் புது ஏசி வந்தது.

குவளை கவிழ்ந்து உன் தொடையை நனைத்தபோது, ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். நீ சிரித்தாய். உன் வீடு பூட்டுப் பட்டறை. பித்தளையை அமிலத்தில் முக்கி எடுத்து வளர்ந்தவன். பட்டதும் சுரீரென்று கடித்தால்தான் உனக்கு அது அமிலம்.

"எரியவே இல்ல அப்பு. எரியாத ஆசிட்டு என்ன ஆசிட்டு? செத்த நேரம் குழாய்ல கழுவிட்டு வாரேன், நீ சல்லடையப் பிடி."

ஈரப் பேண்ட்டோடு திரும்பி வந்து அலசிக்கொண்டிருந்தாய். வலி மாலையில்தான் வந்தது. இந்த அமிலம் தோலோடு நிற்பதில்லை. உள்ளே இறங்கி ரத்தத்தின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும்; அது குறைந்தால் தசை இழுக்கும், இதயம் தடுமாறும். ஆட்டோவில் என் கையைப் பற்றியிருந்த உன் விரல்கள் இழுத்து மடங்கின. வார்டில் இதயம் நின்றது. "பையன் கவனமா இல்லம்மா," என்று உன் அம்மாவிடமே சொன்னார் மேலாளர்.

களிம்பு இன்னும் வரவில்லை. உன் இடத்துக்குத் தாடிக்கொம்பிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள், எம்.எஸ்சி. முடித்த கையோடு. கேனைத் திறக்கச் சொன்னார் மேலாளர். "களிம்பு வரட்டும் சார்," என்றேன்.

"அப்ப நீ கிளம்பு. அந்தப் பொண்ணு திறக்கும்."

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது நீ செத்த விதம் ஒன்றுதான். புதிதாக வருபவர்களிடம் என் பெயருக்கு முன்னால் அதைத்தான் சொல்கிறேன். அவளிடமும் ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே கையுறையை மாட்டினாள்.

"வீட்ல நான் ஒருத்திதான் சம்பாதிக்கிறேண்ணே. பட்டா எம்புட்டு நேரத்துல வலிக்கும்? அத மட்டும் சொல்லுங்க."