ஏழு காதுகளில் ஒரே அத்தர்

இன்று மாலை எங்கள் வாலிபர் கூட்டத்துக்குப் புதிதாக ஒருவன் வந்தான். பதினாலு வயதிருக்கும். காது மடிப்பில் அத்தர்ப் பஞ்சு. ரோஜா. கதவருகிலேயே நின்றுகொண்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. உன் நினைவும்.

ஆம்பூரில் உன் தந்தை அத்தர் விற்றார். நாம் ஒரே வகுப்பு. ஞாயிறுதோறும் பள்ளிக்கூட மரத்தடியில் பையன்களைக் கூட்டியவன் நீ. ஒரு ஞாயிறு வேலூர்ப் பையன்கள் விருந்தாளிகளாக வருவதாக இருந்தது. அவர்கள் முன் ஒவ்வொருவரும் எழுந்து பெயரும் அப்பாவின் தொழிலும் சொல்ல வேண்டும். என் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில், தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் இறங்குபவர். பள்ளி விட்டதும் நானும் அங்கேதான். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அந்த வாடை போகாது.

முந்தின நாள் உன் கடைக்கு வந்தேன்.

"யாருக்கும் சொல்லாத, தோஸ்த்."

"சத்தியமா" என்று என் காதில் ரோஜா அத்தர்ப் பஞ்சைச் செருகினாய்.

மறுநாள், விருந்தாளிகள் வருமுன், என் கண்ணைக் கட்டினாய். "மோந்து பாத்து யாருன்னு சொல்லு."

நம் பையன்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ரோஜா. அடுத்தவனும் ரோஜா. ஆறு பேரும் ரோஜா.

"இன்னாடா இது, கல்யாண வூடா?" கட்டை அவிழ்த்தேன். ஆறு காதிலும் பஞ்சு. ஆறு பேருக்கும் நீ சத்தியம் செய்து கொடுத்திருந்தாய்.

"டேய், நீயுமா?"

"நீ மட்டும் இன்னா!"

உருண்டு சிரித்தோம்.

"வாசனை ஜாஸ்தியாய்டுச்சு. கையத் தொட்டுச் சொல்லு" என்று மறுபடி கட்டினாய். இம்முறை ஒருவனும் தப்பவில்லை. தோல் பதனிட ஆவாரம்பட்டை இடித்துக் காய்த்த கை. தோலில் மயிர் வழிக்கும் கத்தி கீறிய கை. கடைசியில் நீ என் கட்டைவிரலைத் தடவினாய். சுண்ணாம்பு தின்ற வடு.

"இது இல்லாட்டி உன்ன எப்டிடா கண்டுபுடிக்கறது?"

வேலூர்ப் பையன்கள் முன் முதலில் எழுந்தவன் நான். "எங்கப்பா சுண்ணாம்புக் குழி எறங்கறாரு. எனக்கும் அந்த வேல தெரியும்." உட்காரவில்லை. குழி எவ்வளவு ஆழம் என்று ஒருவன் கேட்டான். அரைமணி நேரம் பதில் சொன்னேன்.

நான் சென்னையில் படித்துக்கொண்டிருந்தபோது காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. கடிதம் வந்த அன்று வகுப்பில் கட்டைவிரலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

இன்றைக்கு வந்தவனிடம் பஞ்சைப் பற்றிக் கேட்கவில்லை. கையை நீட்டினேன். "எங்க வீட்ல இன்னா வேல, கண்டுபுடி."

வடுவைத் தடவினான். நிமிர்ந்தான்.

"தோல் ஷாப்பா அண்ணா? எங்க வூடும்தான்!"

கூடம் முழுக்கக் கேட்டது. பஞ்சு காதிலேயே இருந்தது. இருக்கட்டும். வாசனை நன்றாகத்தான் இருக்கிறது.