ஏழில் ஒரு பங்கு அப்பா

பிப்ரவரி 4

அன்புள்ள ரொட்டிக்காரருக்கு,

நானும் மகளும் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று முறைக்குக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டேன். இனிமேல் சண்டை.

ஒப்பந்தத்தை டிசம்பர் வரை நீட்டிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களாமே! கப்பல் கம்பெனியிலிருந்து போனில் பேசிய பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "சார் உங்ககிட்ட சொல்லலையா மேடம்?" என்று அவள் கேட்டபோது பேய்முழி முழித்தேன். ஒன்பது மாதத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் நீங்கள். இப்போதே ஒரு வருடம் ஆகப்போகிறது.

பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு விகிதம் நடத்திக்கொண்டிருக்கிறேன். கடைசி பெஞ்சில் ஒரு வாயாடி இருக்கிறாள். "டீச்சர், இது பரீட்சைக்கு அப்புறம் எதுக்காவது உதவுமா?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து உதாரணம் தேடினேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. வருகிற மே மாதம் நமக்குத் திருமணமாகி நூற்று முப்பத்திரண்டு மாதம். அதில் நீங்கள் வீட்டில் இருந்தது இருபத்திரண்டு. ஆறில் ஒரு பங்கு கணவர். அதே மே மாதம் மகளுக்கு ஏழு வயது, எண்பத்து நான்கு மாதம். அவளோடு நீங்கள் இருந்தது பன்னிரண்டு. அவளுக்குக் கிடைத்தது ஏழில் ஒரு பங்கு அப்பா.

இதை வகுப்பில் சொல்ல முடியாது. அதனால் இருபத்திரண்டு பேருக்குச் சமைக்கிற உங்கள் கப்பல் சமையலறையிலிருந்து நல்ல உதாரணம் ஒன்று அனுப்புங்கள். கூடவே, ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். சாக்குப்போக்கு வேண்டாம்.

கோபத்தோடும் அன்போடும்,
உங்கள் கணக்கு டீச்சர்

*

பிப்ரவரி 27

என் கணக்கு டீச்சருக்கு,

உன் கடிதத்தை மாவு மூட்டை மேல் உட்கார்ந்து படித்தேன். அந்த ஏழில் ஒரு பங்கை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

முதலில் உன் வாயாடிக்கு உதாரணம். ஐந்து பங்கு மாவுக்கு மூன்று பங்கு தண்ணீர். ஆளுக்கு நூறு கிராம் மாவு என்றால் இருபத்திரண்டு பேருக்கு இரண்டு கிலோ இருநூறு. தண்ணீர் ஒரு கிலோ முந்நூற்றிருபது. உப்பு நாற்பத்து நான்கு கிராம். இந்த விகிதம் பிசகினால் கப்பலே என்னைத் திட்டும்.

நான் முதல் கப்பலில் செய்த கூத்தையும் சொல். நாலு பேருக்கான செய்முறையை ஐந்தரையால் பெருக்கினேன். மாவு, தண்ணீர், உப்பு எல்லாம் பெருக்கினேன். நல்ல பிள்ளையாக அடுப்பில் வைக்கிற நேரத்தையும் பெருக்கினேன்! நாற்பது நிமிடம், இருநூற்றிருபது நிமிடம் ஆனது. புகை மேல்தளம் வரைக்கும் போனது. தலைமைப் பொறியாளர் அந்த ரொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "குக், நங்கூரம் தொலைஞ்சா இத கட்டி இறக்கிடலாம்" என்றார்.

இனி காரணம். போன முறை வீட்டுக்கு வந்தபோது நானும் சமைத்தேன், நினைவிருக்கிறதா? கை பழக்கத்தில் அளந்தது. மூன்று பேர் வீட்டில் இருபது பேர் சாப்பாடு. ஃப்ரிட்ஜ் நிரம்பி வழிந்தது. ஒரு நாள் நம் மகள் உன்னிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "அப்பா எப்பம்மா கப்பலுக்குப் போவாரு? ஃப்ரிட்ஜுல என் ஜூஸ் வைக்க இடமே இல்ல."

அவள்மேல் தப்பில்லை. எனக்குத்தான் இருபத்திரண்டை மூன்றாகச் சுருக்கத் தெரியவில்லை. அந்த வீட்டில் என் அளவு என்ன என்றே புரியவில்லை. இங்கே தெரியும். அதனால்தான் கையெழுத்துப் போட்டேன். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

முதுகு பரவாயில்லை.

உன் ரொட்டிக்காரன்

*

மார்ச் 25

அன்புள்ள ரொட்டிக்காரருக்கு,

ஐந்தே முக்கால் வயதுப் பிள்ளை ஜூஸுக்காகச் சொன்ன ஒரு வார்த்தையை மூட்டை கட்டிக்கொண்டு கடலுக்குப் போனீர்களா? படித்ததும் முதலில் சிரித்தேன். அப்புறம் அழுதேன். அப்புறம் பாத்திரங்களை எல்லாம் டமால் டமால் என்று கழுவினேன்.

உங்கள் நங்கூர ரொட்டி வகுப்பில் பெரிய வெற்றி. எது பெருகும், எது பெருகாது என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் ஆசை விடவில்லை. "நாளைக்கு சூரியனையே சுருக்கிக் காட்டுறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

நூறு கோடிக்கு ஒன்று என்று சுருக்கினோம். பள்ளி வாசல் சுவரில் சாக்பீஸால் என் தோள் உயரத்துக்கு ஒரு வட்டம் வரைந்தோம். அதுதான் சூரியன். பூமி என் பழைய சட்டையின் பட்டன் ஒன்று. அதை வைக்க நூற்றைம்பது மீட்டர் நடக்க வேண்டியிருந்தது, மருந்துக் கடை வரைக்கும். மிளகைவிடச் சின்னதாக நிலா. பட்டனிலிருந்து ஒரு முழம்கூட இல்லை. வாயாடி குனிந்து பார்த்தாள். "மனுஷன் இதுவரைக்கும் போனதே இந்த ஒரு முழம்தானா டீச்சர்?" என்றாள். அவள் குரலே இறங்கிப்போயிருந்தது. நாற்பது பிள்ளைகளும் நடைபாதையில் ஒவ்வொருவராகக் குனிந்து முழம் போட்டுப் பார்த்தார்கள். மருந்துக் கடைக்காரர் மாத்திரை எண்ணுவதை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். திரும்பிப் பார்த்தால் தெருக்கோடியில் அந்த வெள்ளை வட்டம். நடுவில் ஒன்றுமே இல்லை. இருபது வருடமாகக் கணக்கு நடத்துகிறேன், எனக்கே அப்போதுதான் உறைத்தது.

கடைசிக் கோளுக்கு நாலரை கிலோமீட்டர், பேருந்து நிலையம் வரைக்கும் போக வேண்டும். அங்கே போகவில்லை. "சூரியன விட்டா பக்கத்து நட்சத்திரம் எங்க வரும் டீச்சர்?" என்று வாயாடி விடவில்லை. கணக்குப் போட்டேன். நாற்பதாயிரம் கிலோமீட்டர். தப்பு என்று நினைத்து மூன்று முறை போட்டேன். உலகத்தை ஒரு முழுச் சுற்று சுற்றினாலும் அதே நாற்பதாயிரம்! இந்த வாசலிலிருந்து கிளம்பி, எல்லாக் கடலும் தாண்டி, திரும்ப இதே வாசலுக்கு வந்தால் அங்கே இருக்கிறது அந்த நட்சத்திரம். எனக்குப் புல்லரித்துவிட்டது. சூரியனுக்குப் பக்கத்திலேயே சுவரில் ஒரு நட்சத்திரம் போட்டோம்.

மாலையில் மகள் அதைப் பார்த்துவிட்டு, "பக்கத்துலயே இருக்கே, அப்புறம் ஏம்மா அவ்ளோ தூரம்?" என்று கேட்டாள்.

உங்கள் அளவு என்ன என்று கேட்டீர்கள். மூன்றில் ஒன்று. அவ்வளவுதான். வருவதானால் இருக்க வாருங்கள். இல்லையென்றால் அதையும் நேராக எழுதிவிடுங்கள், மூன்றாவது தட்டை எடுத்து மேலே வைத்துவிடுகிறேன். இப்படி நடுவில் நின்று காத்திருக்க எனக்கு இனி தெம்பு இல்லை.

உங்கள் கணக்கு டீச்சர்

*

ஏப்ரல் 19

என் கணக்கு டீச்சருக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் வாசித்தேன். கடைசிப் பக்கத்தைத் தவிர. சூப் ஆறிப்போனது, ஒருவரும் தொடவில்லை. தலைமைப் பொறியாளர் நட்சத்திரக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தார். சரிதான். எழுந்து கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்து, திரும்பவும் போட்டார்.

நான் அவரிடம் ஒன்று கேட்டேன். பதினான்கு மாதத்தில் இந்தக் கப்பல் எவ்வளவு ஓடியிருக்கும்? கடலில் இருநூறு நாள், நாளுக்கு ஐந்நூறு கிலோமீட்டர் என்றார். ஒரு லட்சம். பக்கத்து நட்சத்திரத்துக்கு இரண்டரை முறை போயிருக்கிறேன், வாத்தியாரம்மா. ஒரு முறைகூட வாசலில் இறங்கவில்லை.

அன்று சூரியன் இறங்கியதும் கேப்டன் என்னைத் தளத்துக்குக் கூப்பிட்டுத் தெற்கே கையைக் காட்டினார். "குக், நீங்க சொன்ன நட்சத்திரம் அந்தப் பக்கம்தான்." இத்தனை வருடம் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது. நான் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அங்கேயே, அவரிடமே, என்னை விடுவிக்கச் சொல்லிக் கேட்டேன். அடுத்த துறைமுகத்தில் வேறு சமையல்காரர் ஏறுகிறார். மே 14 மதியம் வீட்டில் இருப்பேன். இருக்கத்தான் வருகிறேன். கரையிலேயே ஒரு அடுப்பைத் தேடிக்கொள்கிறேன்.

நேற்று மூன்று பேருக்கு ரொட்டி சுட்டுப் பழகினேன். மாவு முந்நூறு, தண்ணீர் நூற்றெண்பது, உப்பு ஆறு கிராம். அந்தப் பெரிய அடுப்பில் அது உன் மருந்துக் கடைப் பட்டன் மாதிரி உட்கார்ந்திருந்தது. மூன்று முறை அளந்தும் கை கூடுதலாகவே அள்ளுகிறது. உப்பு கரித்தால் சொல்லிவிடு, பேசாமல் சாப்பிடாதே.

உன் ரொட்டிக்காரன்

*

மே 14, காலை

அன்புள்ள ரொட்டிக்காரருக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. சமையலறை மேசையில் வைத்துவிட்டு, கோடை விடுமுறைச் சிறப்பு வகுப்பு எடுக்க மகளோடு பள்ளிக்குப் போகிறேன். சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது, வாங்கித்தானே இதைப் படிக்கிறீர்கள். ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு காலியாக வைத்திருக்கிறேன். மேல் தட்டு ஜூஸுக்கு, அதைத் தொட வேண்டாம் என்று உத்தரவு.

மேசையில் இருக்கும் கண்ணாடி ஜாடியைப் பாருங்கள். மகளின் வேலை. வெள்ளைப் பட்டன் எழுபத்திரண்டு, நீங்கள் இல்லாத மாதங்கள். சிவப்புப் பட்டன் பன்னிரண்டு. என் பழைய கடிதத்தின் கணக்கை எப்படியோ என் வாயிலிருந்து பிடுங்கிவிட்டாள். நேற்று அவற்றைத் தரையில் கொட்டி வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா இனிமே போகலன்னா, எப்பம்மா அவரு பாதி ஆவாரு?"

எண்ணிச் சொன்னேன். மாதத்துக்கு ஒரு சிவப்பு, இன்னும் அறுபது போட வேண்டும். ஐந்து வருடம். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அழுவாள் என்று நினைத்தேன். "அவ்ளோதானா?" என்றாள். பட்டன் டப்பாவைக் கவிழ்த்து, சிவப்பாக அறுபது இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தாள். நாற்பத்தொன்றுதான் இருந்தன. பள்ளிக்கு வரும்போது பத்தொன்பது வாங்கி வாருங்கள்.

என்னுடைய கணக்கையும் போட்டுப் பார்த்தேன். நீங்கள் எனக்குப் பாதி ஆக ஏழு வருடம் நான்கு மாதம். அதுவரை இந்த வீட்டைவிட்டு நகரக் கூடாது. அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.

வகுப்பு நான்கு மணிக்கு விடும். மழை பெய்து சுவரில் சூரியன் கரைந்துவிட்டது. நட்சத்திரம் மட்டும் கொஞ்சம் இருக்கிறது. அதன் பக்கத்தில் நில்லுங்கள்.

உங்கள்
கணக்கு டீச்சர்