சோடா போடாமல் வெந்த பட்டு

வேலாங்குளம்,
11.4.2025

அன்புள்ள வேணிக்கு,

போனில் நிலம் என்று ஆரம்பித்தாலே கத்துகிறாய். வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். தாளைப் பிடித்துக்கொண்டு கத்த முடியாது.

நிலத்தைப் பார்த்துவிட்டேன். நாலு ஏக்கர். ராமநாதபுரத்து வெயில் நம்ம காஞ்சிபுரத்து வெயில் இல்லை, நிற்க விடாது. மழை குறைவு. மரம் என்றால் சீமைக்கருவேலம்தான். ஆனால் மண் கறுப்பு, நல்ல கனம். கிணறு வற்றாது என்று விற்கிறவர் சொன்னார்.

தண்ணீரை நான் எப்படிப் பார்ப்பேன் என்று உனக்குத் தெரியும். ஒரு கழி கச்சாப் பட்டு நூல் எடுத்துப் போயிருந்தேன். அந்தத் தண்ணீரில் வேகவைத்தேன். பசை போகப் போடுகிற சோடாவைப் போடவில்லை. பசை தானாகக் கழன்றது. பட்டு என்ன மினுக்கு! இத்தனை வருடம் சாயப் பட்டறையில் நின்றவன், இப்படி ஒரு தண்ணீரைப் பார்த்ததில்லை. ஊரில் யாரையும் கேட்கவில்லை. தண்ணீரைப் பற்றி எனக்கு யார் சொல்ல வேண்டும்?

விலை பேசி முடித்துவிட்டேன். என் நகம் என்ன நிறம் என்று எனக்கே மறந்துவிட்டது. இனி எவனுக்கும் சாயம் முக்க மாட்டேன். பள்ளி திறப்பதற்குள் நீயும் அபியும் வந்துவிடுங்கள். தறியைப் பிரித்துக் கொடுத்துவிடு.

அன்புடன்,
லோகு


பிள்ளையார்பாளையம்,
19.4.2025

நாலு ஏக்கர்க்காரருக்கு,

தாளைப் பிடித்துக்கொண்டும் கத்த முடியும். தெருவுக்கே கேட்டிருக்கும்.

மண் பார்த்தீர்கள். மரம் பார்த்தீர்கள். பட்டை வேகவைத்தும் பார்த்தீர்கள். பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்? அபி ஒன்பதாவது போகிறாள். கழிப்பறை இருக்கிறதா? அதெல்லாம் உங்கள் கண்ணில் படவில்லை. என்னை ஏன் கேட்கவில்லை என்றால், "அதான் இப்ப சொல்லிக்கினு இருக்கேனே" என்பீர்கள்.

பட்டறை முதலாளிமேல் உங்களுக்குக் கோபம். அதற்கு என் தறியை ஏன் பிரிக்க வேண்டும்?

இன்னொன்று. சோடா போடாமல் பசை போனது என்றால், சோடா அந்தத் தண்ணீரிலேயே இருக்கிறது. பட்டு வேகவைத்த தண்ணீரைப் பட்டறைக்குப் பின்னால் கொட்டுவீர்களே, அங்கே ஒரு புல் முளைத்துப் பார்த்திருக்கிறீர்களா? பட்டுக்கு நல்ல தண்ணீர் செடிக்கு எமன்.

அபியிடம் சொன்னேன். "அப்பா நிலம் வாங்கலமா, பட்டு வேகவைக்கப் பெரிய அண்டா வாங்கியிருக்காரு" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

பத்திரம் பதியவில்லை என்றால் விட்டுவிட்டு வாருங்கள்.

கிருஷ்ணவேணி


வேலாங்குளம்,
27.5.2025

வேணி,

பத்திரம் பதிந்தாயிற்று. உன் கடிதம் வந்த மறுநாள். அது வந்ததால்தான்.

முருங்கை நட்டேன். கத்தரி நட்டேன். இலை ஓரமெல்லாம் கருகுகிறது. தண்ணீர் பாய்ந்த இடம் வெள்ளை பூத்து, ஓடு மாதிரி இறுகிவிட்டது. வேலியோரம் ஆடு மேய்க்கிறவர் நின்று பார்த்தார். "ஏய்யா, பட்டுக்காரரே, இந்தத் தண்ணிய நாங்க ஆட்டுக்கே காட்டமாட்டோம். இதுல சேலை வெளையும், சோளம் வெளையாது" என்றார். அடிக்கப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார்.

நீ சொன்னது சரி. சந்தோஷமா? பட்டறைக்குப் பின்னால் புல் முளைக்காததைத் தினமும் பார்த்தவன் நான். அது உனக்கு ஞாபகம் வந்தது, எனக்கு வரவில்லை. அதுதான் ஆத்திரம்.

ஆனாலும் திரும்ப மாட்டேன். நம்ம தெரு டீக்கடை ஆதிகேசவன் ஒருத்தன் போதும். "என்னபா வெவசாயி, அறுவடை முடிஞ்சுதா?" என்பான். மழைத் தண்ணீருக்குக் குளம் வெட்டப் போகிறேன். தனி ஆளால் ஆகாது.

நீ வருவாயா? கேட்கிறேன். இப்போது கேட்கிறேன்.

லோகு


பிள்ளையார்பாளையம்,
8.6.2025

என்னங்க,

கேட்டுவிட்டீர்கள். ஏப்ரலில் கேட்டிருந்தால் திட்டிக்கொண்டே வந்திருப்பேன். உப்பு மண்ணுக்கும் வந்திருப்பேன். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் எரிகிறது.

நிலம் கெட்டது என்று எனக்குக் கோபம் இல்லை. கெட்டது என்று நான் எழுதிய பிறகு, என்னை ஜெயிக்க அதைப் பதிந்தீர்கள். இப்போது அந்த வீம்புக்குக் குளம் வெட்ட என்னையே கூப்பிடுகிறீர்கள்.

ஆதிகேசவன் கேட்டான். "என்னமா, அண்ணனைக் காணோம்?"

"நெலத்துல இருக்காரு."

"அப்பிடியா, நல்லதுமா" என்றுவிட்டு அடுத்தவருக்கு டீ ஆற்றப் போய்விட்டான். நீங்கள் பயப்படுகிற தெரு இவ்வளவுதான்.

தறியில் பழைய பாவு நூல் முடிந்தது. அதன் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகச் சேர்த்தாயிற்று. மூன்று சேலைக்கான பாவு. நெய்து முடிக்காமல் நான் எங்கேயும் நகர முடியாது. தெரிந்துதான் இந்தப் பாவை வாங்கினேன். அபி இங்கேயே பள்ளிக்குப் போகிறாள். அவளையும் கேட்டேன். "நீ எங்கயோ அங்க" என்றாள். உங்கள் பெயரைச் சொல்லவில்லை.

நான் வர மாட்டேன்.

பதில் எழுத வேண்டாம். எழுதினால் பிரித்துப் படிப்பேன். அதனால்தான் சொல்கிறேன்.

கிருஷ்ணவேணி