தொட்டியில் புதைத்த ஸ்பூன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம்தான், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு இருமல் ஓய்ந்துவிட்டது, வாய்தான் ஓயவில்லை. உன் தம்பி கடை திறக்கவும் வருவதில்லை, மூடவும் இருப்பதில்லை, கேட்டால் நடுவில் இருந்தேனே என்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை வந்தபோது, பிளாஸ்டிக் தட்டும் ஸ்பூனும் விற்றது போதும்மா, மண்ணில் மக்குகிற சரக்குக்கு மாறு, நானும் வேலையை விட்டுவிட்டு வந்து உன்னோடு கடையில் உட்காருகிறேன் என்றாய். நீ வருவாய் என்றுதான் மாறினேன். என் வழக்கம் உனக்குத் தெரியும், கொதிக்கிற டீயை ஊற்றிப் பார்க்காமல் ஒரு கப்பையும் விற்றதில்லை. இதை மட்டும் விடுவேனா, புது ஸ்பூன் ஒன்றை மாடிப்படியோரச் செடித்தொட்டியில் புதைத்து வைத்தேன். ஒரு மழைக்காலமே போய்விட்டது. பிறகு அப்பா தண்ணீர் ஊற்ற மறந்து செடி பட்டுப்போனது, பிடுங்கினால் வேரெல்லாம் ஸ்பூனைச் சுற்றிக்கொண்டு காய்ந்து கிடக்கிறது, ஸ்பூன் மட்டும் புத்தம் புதுசாக இருக்கிறது. கழுவினால் இன்னொருத்தருக்கு விற்கலாம்.

சரக்கு போடுகிற ஏஜென்ட்டைப் பிடித்துக் கேட்டேன். மக்கும் அக்கா, அதற்கென்று சூடேற்றிக் கிளறுகிற ஆலை வேண்டும், பூந்தொட்டியில் போட்டால் எப்படி என்று சிரிக்கிறான். இந்த ஊரில் அந்த ஆலை எங்கே என்றால், அது எனக்கெதுக்கு அக்கா என்கிறான். குப்பை வண்டிக்காரரோ, பழசும் புதுசும் ஒரே மேட்டில்தான் கொட்டுகிறோம் என்றுவிட்டார். ஸ்டீல் தட்டு வாடகைக்கு வைத்துப் பார்த்தேன், கழுவ ஆள் யார் வைப்பது என்று ஓட்டல்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பழைய சரக்கையே போடும்மா, விலையாவது குறைவு என்கிறான் தம்பி. பெட்டிக்கடையில் தொடங்கி இவ்வளவு தூரம் வந்தவள், விலைபோகாத சரக்குக்கெல்லாம் வழி கண்டவள், எனக்கே இதற்கு ஒரு வழியும் தெரியவில்லை.

அதனால் வேலையை விடாதே. நீ வந்து உட்காரும்படியான கடை இங்கே இல்லை. இதை எழுதவே கை வரவில்லை, ஆனால் உன்னிடம் பொய் சொல்லி விற்க மாட்டேன். இப்போதெல்லாம் அப்பா பார்சல் வாங்கிவந்தால் அதோடு வருகிற ஸ்பூனைத் தூக்கிப்போட மனசு வரமாட்டேன் என்கிறது. கழுவிக் கழுவிச் சமையலறை இழுப்பறையில் போடுகிறேன், அதை மூட முடியவில்லை.

எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் இரு, என் ஆயுசும் சேர்த்து உனக்கு. வெளியே சாப்பிடப் போனால் பையில் வீட்டு ஸ்பூன் ஒன்றைப் போட்டுக்கொள். அதனால் ஒன்றும் மாறிவிடாது, தெரியும். இருந்தாலும் போட்டுக்கொள்.

இப்படிக்கு,
கடை திறக்கக் கிளம்பிக்கொண்டிருக்கும்
உன் அம்மா